ஒற்றைக் கையில் ஓடிய பிரஸ்

போன மாதம் எனக்கு ஒரு பார்சல் வந்தது. ஓய்வு பெற்றவனுக்கு வரும் பார்சலில் வழக்கமாக மூட்டுவலித் தைலம்தான் இருக்கும். இதில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவும், அதற்குள் நொய்யரிசி அளவில் ஒரு கறுப்புச் சில்லும் இருந்தன. அனுப்பியவர் நித்யா. என் உத்தியோகத்தின் கடைசி வருடங்களில் என்னிடம் வேலை பழகியவர், இப்போது பெங்களூரில் பெரிய பதவியில் இருக்கிறார். அன்று மாலையே போனிலும் வந்தார்.

"சார், அந்தச் சில்லுக்குள்ள ஒரு ஸ்விட்ச் இருக்கு. நிஜமாவே அசையற ஸ்விட்ச். தலைமுடியை விட மெல்லிசா ஒரு பாலம். கரண்ட் குடுத்தா இறங்கித் தொடும், நிறுத்தினா எழுந்துக்கும். தங்கத்து மேல தங்கம்."

"எழுந்துக்குதா?" என்று கேட்டேன்.

"அதுதான் சார் பிரச்சனை. சில சமயம் எழுந்துக்க மாட்டேங்குது, ஒட்டிக்குது. கருகின அடையாளம் கூட இல்லை. உங்க காலத்துல இப்படி ஏதோ நடந்துச்சுன்னு சொல்வீங்களே. அதை எழுதிக் குடுங்க சார், எங்க டீம்ல எல்லாருக்கும் படிக்கக் குடுக்கறேன்."

எழுதித் தருகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். என் மனைவி கமலா வந்து, "ஏன் இப்படி வேர்த்திருக்கு? மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டாள். போட்டிருந்தேன். இந்த வியர்வைக்கு மாத்திரை கிடையாது.

என் உத்தியோகத்தைப் பற்றி யாராவது கேட்டால், பயப்படுவதற்காகச் சம்பளம் வாங்கினேன் என்பேன். கேட்பவர்கள் சிரிப்பார்கள். நான் உண்மையைத்தான் சொல்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியாது.

டிப்ளமா முடித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ரிலே செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. குமணன்சாவடியில் பஸ் ஏறினேன், எஸ்டேட்டில் இறங்கினேன், ஈயம் வைத்தேன், விரலைச் சுட்டுக்கொண்டேன். பிறகு, "இவன் எதைத் தொட்டாலும் பயப்படுகிறான், சோதனைப் பிரிவுக்கு அனுப்புங்கள்" என்று யாரோ ஒரு புண்ணியவான் சிபாரிசு செய்ய, நான் அந்தோணிசாமி சாரிடம் போய்ச் சேர்ந்தேன்.

ரிலே என்பது ஒரு கரண்டின் சொல் கேட்டு இன்னொரு கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச். உள்ளே செப்புக் கம்பிச் சுருள். அதில் கரண்ட் பாய்ந்தால் ஒரு மெல்லிய உலோக நாக்கு இழுபட்டு எதிரே இருக்கும் முனையைத் தொடும். கரண்ட் நின்றால் வில்லைப் போல் விலகும். தொடும் இடத்தில் இரண்டு பக்கமும் தங்கப் பூச்சு. அதைத்தான் நாங்கள் காண்டாக்ட் என்போம். நாங்கள் செய்தது தீப்பெட்டியை விடச் சின்னதான ரிலே. நாக்கை விலக்கும் வில்லுக்கு ஓர் எறும்பின் பலம்தான் இருக்கும்.

இந்தப் பிராணிக்கு இரண்டே வியாதிகள். தொட வேண்டிய நேரத்தில் தொடாமல் இருப்பது ஒன்று. அது வந்தால் மெஷின் நிற்கும், வாங்கியவர் போனில் திட்டுவார். விட வேண்டிய நேரத்தில் விடாமல் இருப்பது மற்றொன்று. அது வந்தால் மெஷின் நிற்காது. யாரும் திட்டவும் மாட்டார்கள். அந்த நிம்மதிதான் பயங்கரம் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அந்தோணிசாமி சார் குரலை உயர்த்தி நான் கேட்டதேயில்லை. நெடிய உருவம், வெள்ளை அரைக்கைச் சட்டை, சட்டைப் பையில் இஸ்திரி போட்டு நான்காக மடித்த கைக்குட்டை. ரிலேயை விரலால் தொட மாட்டார், கைக்குட்டையால்தான் எடுப்பார். மாதத்துக்கு ஒரு வாரம் அசெம்பிளி அறைக்கு வருவார். பெரிய ரவுண்டு என்று அதற்குப் பெயர். அங்கே வேலை செய்தவர்கள் எல்லோரும் பெண்கள், ஆவடியிலிருந்தும் பட்டாபிராமிலிருந்தும் ரயிலில் வருபவர்கள். அறைக்குள் பூ கூடாது, பவுடர் கூடாது, தலையில் எண்ணெய் மினுங்கக் கூடாது. காண்டாக்டுகளை ஒரு தடவை கரைப்பானில் கழுவி, சூட்டடுப்பில் கொஞ்ச நேரம் உலர்த்தி, தகரக் கூட்டுக்குள் வைத்து, நைட்ரஜன் நிரப்பி மூட வேண்டும். செய்முறை அவ்வளவுதான்.

சார் ஏதாவது ஒன்றை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைப்பார். ஒரு தூசி தெரிந்தால் அதைச் செய்த பெண்ணைக் கூப்பிடுவார். "நீங்களே பாருங்கம்மா" என்று நகர்ந்து நிற்பார். கைகள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். அந்தப் பெண் குனிந்து பார்ப்பாள். அவள் நிமிரும் வரை அறையில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்கும். நிமிர்ந்ததும் மெதுவாக ஒரு கேள்வி வரும்.

"இதை உங்க வீட்டுல மாட்டுவீங்களா?"

அவ்வளவுதான். திட்டும் கிடையாது, மெமோவும் கிடையாது. அதற்கு அழாதவர்கள் குறைவு. என்னிடமும் பலமுறை கேட்டிருக்கிறார். நான் ஆண்பிள்ளை என்பதால் கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வருவேன்.

என் மச்சான், அதாவது கமலாவின் தம்பி தன்ராஜ், எண்பதுகளின் பிற்பாதியில் வேலை தேடி எங்களிடம் வந்தான். மண்ணூர்பேட்டையில் கன்னியப்பன் என்பவருடைய பிரஸ் ஷெட்டில் நான்தான் சேர்த்துவிட்டேன். அந்த வட்டாரத்தில் தகடு வெட்டும் பிரஸ் ஷெட்டுகள் நிறைய. தகட்டை அச்சின் மேல் வைத்தால் மேலிருந்து ஓர் இரும்புத் தலை இறங்கி வெட்டும். வேலை நாளில் எஸ்டேட் டீக்கடையில் கிளாஸ் பிடித்திருக்கும் கைகளைப் பார்த்தால் எத்தனை விரல்கள் அந்தத் தலைக்குக் கீழே போயிருக்கின்றன என்பது புரிந்துவிடும்.

கன்னியப்பனின் ஷெட்டை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. அங்கே ஒரு மெஷினுக்கு இரட்டைப் பட்டன் பெட்டி புதிதாக மாட்டியிருந்தார்கள். இடது கைக்கு ஒரு பட்டன், வலது கைக்கு ஒரு பட்டன். இரண்டையும் ஒருசேர அமுக்கினால்தான் தலை இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் அச்சுக்குள் கை போக வழியில்லை. பட்டன்கள் மெஷினில் இருக்கும், பெட்டி பக்கத்துத் தூணில். ஒரு பட்டனுக்கு ஒன்றாகப் பெட்டிக்குள் இரண்டு ரிலே, இரண்டும் எங்கள் கம்பெனியுடையவை. என் மச்சானின் விரல்களுக்கு நானே காவல் இருப்பது போல எனக்கு ஒரு பெருமை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். கறிக்குழம்பு, அப்பளம். சோற்றைப் பிசைந்துகொண்டே ஆரம்பித்தான்.

"மாமா, உங்க கம்பெனி பொட்டி சூப்பரா கீது."

"எந்தப் பெட்டி?"

"அதான், ரெண்டு பட்டன் பொட்டி. இப்போல்லாம் ரைட்டு பட்டன் மட்டும் அமுக்கினாவே எறங்குது. லெஃப்டே வோணாம். இந்தக் கைல தகடு வெச்சிகினே, இந்தக் கைல அமுக்கிகினே கீறேன். டக்கு டக்குனு! மத்தவனுங்க பாத்து வயிறெரியறானுங்க."

வாயால் சொல்வதோடு நிறுத்தவில்லை. இடது கையால் ஒரு அப்பளத்தை எடுத்து இலையோரம் வைத்தான், வலது முஷ்டியால் ஓங்கிக் குத்தினான். இடது கையை எடுக்கும் முன்பே அப்பளம் நொறுங்கியது.

"சாப்பிடற எடத்துல என்னடா வெளையாட்டு?" என்றாள் கமலா.

"தனா, அது கெட்டுப்போன பெட்டிடா" என்றேன்.

"கெட்டுப்பூட்டா மிசினு நிக்கணுமா வோணாமா? இது முன்ன வுட நல்லா ஓடுது, கெட்டுப்பூட்ச்சுன்றீங்களே! இன்னா இஞ்சினீரு மாமா நீங்க?"

"லெஃப்ட் ஒட்டிக்கிட்ட மாதிரி நாளைக்கு ரைட்டும் ஒட்டிக்கிட்டா?"

"அது இன்னும் சோக்கு. கையே வோணாம். அது பாட்டுக்கு அடிச்சிகினு இருக்கும், நான் டீ குட்ச்சிட்டு வருவேன்."

அவன் சிரித்தான், கமலாவும் சிரித்தாள். நான் இலையில் கிடந்த அப்பளத் தூளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் இடது கை அடிக்கடி அந்த இடத்துக்கே வந்து போனது. இரண்டு ரிலேயும் ஒரே லாட்டில், அதாவது ஒரே வாரத் தயாரிப்பில் பிறந்தவை. ஒன்றுக்கு வந்தது மற்றதற்கும் வரும், எப்போது என்பதுதான் தெரியாது. நாளைக்கு வேலைக்குப் போகாதே என்று கெஞ்சிப் பார்த்தேன். "லீவு போட்டா அந்த மிசின வேற எவனாச்சும் புட்ச்சிப்பான் மாமா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

திங்கட்கிழமை காலையில் கம்பெனி வாசலில் எனக்கு லட்டு கொடுத்தார்கள். எதற்கு என்று கேட்டேன். விற்பனைப் பிரிவுக்கு மண்ணூர்பேட்டை ஷெட்டுகளிலிருந்து புது ஆர்டர் வந்திருக்கிறதாம். 'போன தடவை கொடுத்த மாதிரியே வேண்டும்' என்று கேட்கிறார்களாம். லட்டைக் கையில் வைத்துக்கொண்டே அந்தோணிசாமி சாரிடம் போய் நின்றேன். சொன்னேன். உளறினேன் என்பதுதான் சரி.

அவர் முழுவதையும் கேட்டார். பிறகு வழக்கமான கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டார்.

"அப்ப இது உங்க வீட்டுலயே மாட்டியிருக்கு?"

"ஆமா சார். என் மச்சான் கையில."

"வாங்க" என்றார். சார் வேகமாக நடந்து நான் பார்த்தது அன்றுதான். வேகமாக நடக்கும் அந்தோணிசாமியைப் பார்த்துக் காவலாளி கேட்டை முழுவதாகத் திறந்துவிட்டார். எனக்கு அது இன்னும் பயத்தைக் கொடுத்தது.

ஷெட்டில் வழக்கமான இரைச்சலும் எண்ணெய் வாடையும். தன்ராஜ் மூலையில் இருந்த மெஷினில் உட்கார்ந்திருந்தான். வலது கை பட்டனில் இருக்க, இடது கை அச்சுக்குள் போவதும் வருவதுமாக இருந்தது. ஒவ்வொரு தடவை அது உள்ளே போகும்போதும் நான் மூச்சை நிறுத்தினேன்.

கன்னியப்பன் வாயெல்லாம் பல்லாக வந்தார். "வாங்க சார்! நானே ஆள் அனுப்பலாம்னு இருந்தேன். அந்தப் பொட்டி மாரியே எல்லா மிசினுக்கும் போட்டுக் குட்த்துடுங்க. ஒரே மிசின்ல இன்னா புரொடக்சன்னுங்கறீங்க!"

"மெஷினை நிறுத்துங்க. அந்தப் பெட்டியை நாங்க எடுத்துட்டுப் போகணும்" என்றார் சார்.

"இன்னாத்துக்கு?"

"கெட்டுப்போச்சு."

"நல்லா ஓடற மிசின கெட்டுப்போச்சுன்னா எப்டி சார்? கெட்டுப்போச்சுனு காட்டுங்க. என் கண்ணால பாத்தாத்தான் கழட்ட வுடுவேன்."

இந்த வேலையில் பெரிய கஷ்டம் இதுதான். ஒட்டும் காண்டாக்ட் தேவைப்படும்போது ஒட்டிக் காட்டாது. இடதுபுற ரிலே ஒட்டியிருப்பதைக் காட்டலாம், ஆனால் அதைத்தான் அவர் பெருமையாகக் கொண்டாடிக்கொண்டிருந்தார். வலதும் ஒட்டினால்தான் அவர் நம்புவார். வலது ஒட்டும் நேரத்தில் தன்ராஜின் கை எங்கே இருக்கும்?

சார் யோசித்தார். சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லோரையும் மெஷினை விட்டுத் தள்ளி நிற்கச் சொன்னார். மெஷின் ஓடட்டும், பட்டனை யாரும் தொடக் கூடாது, ஓடும் அதிர்வில் வலதும் தொட்டு ஒட்டி, தலை தானாக இறங்குகிறதா என்று பார்ப்போம் என்றார். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. தலை உயரத்தில் நின்றது. டிபன் டப்பாக்களோடு ஷெட்டு முழுவதும் சுற்றி உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்த்தது. நான் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது இறங்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வதா, இறங்கக் கூடாது என்று வேண்டிக்கொள்வதா என்றே விளங்கவில்லை.

இறங்கவில்லை. மறுபடி மணி அடித்தது.

"இன்னா மாமே, சாமி வரலியா?" என்று ஒருவன் கேட்க, ஷெட்டே சிரித்தது.

"இன்னும் ஒரே தடவை" என்றார் சார். "தன்ராஜே ஓட்டட்டும். ஆனா ஒரு கண்டிஷன்." சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார், நான்கு மடிப்பையும் பிரித்தார். தன்ராஜின் இடது மணிக்கட்டைப் பின்னால் கொண்டுபோய் அவன் உட்கார்ந்திருந்த ஸ்டூலின் பின்கம்பியோடு சேர்த்துக் கட்டினார். மணிபர்ஸைக்கூட அவ்வளவு கவனமாக யாரும் கட்டி வைக்க மாட்டார்கள்.

"இன்னா சார் இது, பிக்பாக்கெட்ட கட்ற மாரி கட்றீங்க? மாமா, பாத்துகினு நிக்கிறீங்களே, எதுனா சொல்லுங்க மாமா!"

மாமா குனிந்து முடிச்சு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தார்.

சாரே தகட்டை அச்சில் வைத்தார். "ஒரு கையால அமுக்கிட்டு விட்டுடுங்க, போதும்" என்றார். தன்ராஜ் அமுக்கினான். தலை இறங்கியது, எழுந்தது. கையை எடுத்துவிட்டான். ஒன்றும் ஆகவில்லை. தகடு மாறியது. மறுபடி அமுக்கினான், எடுத்தான். கன்னியப்பன் கொட்டாவி விட்டார். மறுபடியும்.

எத்தனையாவது தடவை என்று தெரியாது. அமுக்கினான், தலை இறங்கியது, எழுந்தது. பட்டனிலிருந்து கையை எடுத்துவிட்டான். பழக்க தோஷத்தில் அவன் இடது தோள் முன்னால் போயிற்று. வெட்டிய தகட்டை எடுக்க இடது கை அச்சை நோக்கிப் பாய்ந்தது. கைக்குட்டை சுளீரென்று இழுத்துப் பிடித்தது. ஸ்டூல் ஒரு அங்குலம் நகர்ந்தது.

தலை தானாக இறங்கியது.

எழுந்து மறுபடி இறங்கியது. பட்டனை யாரும் தொடவில்லை. தகடு இருந்த இடத்தில் அது அடித்துக்கொண்டே இருந்தது. சார் மெயின் ஸ்விட்சை இழுத்த பிறகும் சக்கரத்தின் வேகத்தில் இன்னொரு அடி அடித்துவிட்டுத்தான் நின்றது.

தன்ராஜ் எழுந்திருக்கவில்லை. தலையைத் திருப்பி, பின்னால் கட்டியிருந்த தன் கையைப் பார்த்துக்கொண்டேயிருந்தான், யாருடைய கையையோ பார்ப்பது போல. நான் முடிச்சை அவிழ்க்கப் போனேன். "வோணாம் மாமா, இருக்கட்டும்" என்றான்.

கன்னியப்பனுக்குத்தான் முதலில் சுரணை வந்தது. "சனியனே!" என்று கத்திக்கொண்டு போய்த் தூணில் மாட்டியிருந்த பெட்டியை ஓங்கி ஓர் அறை விட்டார். நானும் சாரும் ஒரே குரலில் "ஐயோ!" என்றோம். மீட்டரை வைத்துப் பார்த்தேன். வலது ரிலே விட்டுவிட்டிருந்தது, எந்தப் பாவமும் அறியாத பச்சைப் பிள்ளை போல. சாட்சிகளில் ஒன்று தப்பிவிட்டது. இடது மட்டும் இன்னும் ஒட்டியிருந்தது.

அதை அப்படியே, அதிராமல், எங்கள் சோதனை அறைக்குக் கொண்டுபோக வேண்டும். லேசாகத் தட்டினாலும் விட்டுவிடும். விட்டுவிட்டால் ஏன் ஒட்டியது என்பது யாருக்கும் தெரியாமலே போகும், மற்ற ஷெட்டுகளில் மாட்டியிருப்பவை ஒட்டிக்கொண்டேயிருக்கும். கன்னியப்பனின் நாற்காலியிலிருந்து ஃபோம் மெத்தையை உருவி, பெட்டியை அதன் மேல் வைத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நடந்தோம். கூப்பிடு தூரம்தான். அந்தத் தூரத்துக்குள் இவ்வளவு பள்ளங்கள் இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. லாரி வந்தால் நின்றோம். சைக்கிள்காரன் மணியடித்தால் நின்றோம். டீக்கடை வாசலில் ஒருவர் எழுந்து நின்றார்.

"இன்னா அண்ணாத்தே, மெத்தைல வெச்சி தூக்கிகினு போறீங்க? பொட்டிக்குள்ள பாம்பா?"

"மாப்ள சீர் கொண்டு போறாங்கடா, வழி வுடு" என்றார் இன்னொருவர்.

நான் சிரித்தால் கை ஆடும் என்று சிரிக்கவில்லை. சாருக்குச் சிரிக்கத் தெரியாது. நானும் அவரும் அன்று போல ஒரே தாளத்தில் எப்போதும் நடந்ததில்லை.

அறையில் மீட்டரை வைத்தபோது இன்னும் ஒட்டியே இருந்தது. சார் தகரக் கூட்டின் விளிம்பை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவித் திறந்தார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு பிடித்திருந்தேன். நாக்கின் நுனியில் மெல்லிய கொக்கியை மாட்டி, எவ்வளவு இழுத்தால் விடுகிறது என்று அளந்தார். வில்லின் பலத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இழுத்த பிறகுதான் விட்டது. பிறகு மைக்ராஸ்கோப்பில் வைத்தார். வெகுநேரம் பார்த்தார். நகர்ந்து நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீங்களே பாருங்க சபாபதி."

பார்த்தேன். பொறி பட்டு உருகி ஒட்டியிருந்தால் கருகிய குழி இருக்க வேண்டும். குழி இல்லை, கறை இல்லை, ஒரு தூசி இல்லை. அவ்வளவு அழகான காண்டாக்டை நான் பார்த்ததேயில்லை. அழுக்கு இருந்தால் துடைக்கலாம். ஒன்றுமே இல்லை என்றால் எதைத் துடைப்பது?

கூட்டின் மேல் எந்த வாரம் செய்தது என்ற குறி அச்சடித்திருந்தது. அசெம்பிளி அறையின் மூத்தவர் பிலோமினாவை சார் கூப்பிட்டுவிட்டார். ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வருபவர், நான் சேரும் முன்பே அங்கே இருந்தவர்.

"இந்த வாரத்து லாட்டை எத்தனை தடவை கழுவினீங்கம்மா?"

"ஒரு தடவைதான் சார். நீங்க சொன்ன மாதிரியேதான் சார்."

சார் தலையசைத்தார். நான் பிலோமினாவின் பின்னாலேயே வராந்தாவுக்குப் போனேன்.

"அக்கா, என் மச்சான் கை போக இருந்தது. உண்மையைச் சொல்லுங்க."

அவர் முகம் மாறியது. அறைக்கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவரு முன்னாடி எப்படி சார் சொல்றது? அது பெரிய ரவுண்டு வாரம். ஒரு தூசி இருந்தா கூப்பிட்டு வெச்சி அந்தக் கண்ணாடியில பாக்கச் சொல்லுவாரு. வீட்டுல மாட்டுவீங்களான்னு கேப்பாரு. அந்தப் பயத்துல திரும்பத் திரும்பக் கழுவுவோம். அடுப்புல வெச்சா சாப்பாடு முடியற வரைக்கும் எடுக்க மாட்டோம். எல்லாப் பொண்ணுங்களும்தான். ரவுண்டு இல்லாத வாரம்னா ஒரே தடவைதான், சத்தியமா."

"இதை ஏன் யாருமே சொல்லலை?"

"சுத்தமா செஞ்சதுக்கு யாராச்சும் மன்னிப்புக் கேப்பாங்களா சார்?"

தங்கத்தின் மேல் எப்போதும் ஒரு படலம் இருக்கும். காற்றிலும் மூச்சிலும் இருந்து வந்து படிவது, கண்ணுக்குத் தெரியாது. இரண்டு தங்கத்துக்கும் நடுவே தொங்கும் மெல்லிய திரை அது. ஒரு தடவை கழுவினால் திரை கொஞ்சம் மிஞ்சும். நான்கு தடவை கழுவிச் சுட வைத்தால் ஒன்றும் மிஞ்சாது. நைட்ரஜனில் அடைத்துவிட்டதால் திரும்பவும் படியாது. திரையில்லாமல் தங்கம் தங்கத்தைத் தொட்டால், இது என் பக்கம், அது உன் பக்கம் என்ற நினைப்பு அதற்கு இருப்பதில்லை. ஒன்றாகிவிடுகிறது. எறும்பு பலமுள்ள வில்லால் பிரிக்க முடியாது. அந்த அறையின் பயம்தான் தகரக் கூட்டுக்குள் அடைபட்டு மண்ணூர்பேட்டை வரை போயிருந்தது.

இதை அவரிடம் சொல்ல வேண்டியவன் நான். பிரஸ்ஸின் முன்னால் நின்றதை விட அந்தக் கதவின் முன்னால் நிற்பதுதான் எனக்குச் சிரமமாக இருந்தது. சொன்னேன். கேட்டுவிட்டு அவர் கை சட்டைப் பைக்குப் போயிற்று. கைக்குட்டை அங்கே இல்லை.

"என்னைப் பார்த்தா அவ்வளவு பயமா?"

"ஆமா சார்."

"உங்களுக்கும்?"

"எனக்குத்தான் சார் முதல்ல."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலை அசெம்பிளி அறைக்குப் போய் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ரவுண்டு வாரமில்லை, எல்லோரும் வெலவெலத்துப் போனார்கள். ஒரு காண்டாக்டை எடுத்துத் தானே ஒரு தடவை கழுவினார், உலர்த்தினார், மைக்ராஸ்கோப்பில் வைத்தார். நகர்ந்து நின்றார்.

"நீங்களே பாருங்கம்மா."

பிலோமினா குனிந்து பார்த்தார். நிமிரவே இல்லை. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில், "ஒரு தூசி இருக்குது சார்" என்றார்.

"இருக்கட்டும்மா" என்றார் அந்தோணிசாமி சார்.

பெரிய ரவுண்டு அன்றோடு நின்றது. ஒரு பக்கத் தங்கத்தில் கோபால்ட் கலந்து கடினமாக்கி, வில்லையும் கொஞ்சம் பலப்படுத்தினோம். போன லாட்டைத் திரும்பப் பெற ஷெட்டு ஷெட்டாகப் போனோம். நல்ல பொட்டியப் பிடுங்கிகினு போக வந்துட்டானுங்க என்று விரட்டினார்கள், சிலர் ஒளித்து வைத்தார்கள். தன்ராஜை அழைத்துக்கொண்டு போய் நடந்ததைச் சொல்ல வைத்தோம். ஒன்றைத் தவிர எல்லாம் வந்து சேர்ந்தன. அந்த ஒன்று இருந்த ஷெட்டு நாங்கள் போகும் முன்பே மூடப்பட்டு, மெஷின் கைமாறி, யார் வாங்கினார்கள் என்றே தெரியாமல் போயிற்று. தொண்ணூறுகள் முழுவதும், தெரியாத பட்டறை எதற்குள் நுழைந்தாலும் முதலில் தூணைப் பார்ப்பேன். இப்போதும் பார்க்கிறேன். கல்யாண மண்டபத் தூணைக்கூட.

நித்யா, உங்கள் கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான். ஒட்டுகிற சில்லுகள் எந்த நாட்களில் கழுவப்பட்டவை என்று பாருங்கள். அந்த நாட்களில் உங்கள் அறைக்கு யார் வந்து நின்றார்கள் என்று கேளுங்கள். நீங்கள் கேட்டால் சொல்ல மாட்டார்கள். வராந்தாவுக்கு யாரையாவது அனுப்புங்கள்.

தன்ராஜ் அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு பிரஸ்ஸில் உட்காரவில்லை. ஐயப்பன்தாங்கல் டெப்போ பக்கம் ஜெராக்ஸ் கடை போட்டு, இப்போது பேரன் எடுத்துவிட்டான். விரல்கள் எல்லாம் இருக்கின்றன. கைக்குட்டையை அவன் திருப்பித் தரவில்லை, சாரும் கேட்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்திருந்தான். அந்தச் சில்லை நான் அவனுக்குக் காட்டவில்லை, அலமாரிக்குள் வைத்துவிட்டேன். இலையின் முன் உட்கார்ந்ததும் அவன் இடது கை வழக்கம் போல முதுகுக்குப் பின்னால் போய் இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டது. சாப்பிட்டு எழுந்திருக்கும் வரை அது முன்னால் வராது. அவனுக்கே அது தெரியாது என்று நினைக்கிறேன்.

கமலா தட்டோடு குனிந்தாள்.

"அப்பளம் வோணாம்க்கா" என்றான்.